வேட்பாளர் உண்மைதான் பேசணும்னு சட்டம் இருக்குதுங்களா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபிப் பக்கம் ஒரு தாலுகா ஆபீசுக்கு எதிரே டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். தேர்தல் வந்தால் சுயேச்சைகள் பிரமாணப் பத்திரம் அடிக்க வருவார்கள். கூடவே நாலு பேர் வந்து பெஞ்சில் உட்கார்ந்து, டீ சொல்லிவிட்டு, சந்தேகம் கேட்க ஆரம்பிப்பார்கள். பஞ்சாயத்துத் தேர்தலோ சட்டமன்றத் தேர்தலோ, கேள்வி மட்டும் மாறுவதில்லை. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்ததால் இங்கே எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. வழக்கு போடுவதாக இருந்தால் வக்கீலைத்தான் பார்க்க வேண்டும்.

ஏனுங்க, எலெக்ஷன்ல நிக்கறவன் பொய் பேசக்கூடாதுன்னு சட்டம் இருக்குதுங்களா, இல்லீங்களா?

பொதுவாக அப்படி ஒரு சட்டம் இல்லை. வேட்புமனு கொடுக்கும்போது ஓர் உறுதிமொழி எடுக்க வேண்டும். அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணையில் அதன் வாசகம் இருக்கிறது. அரசியலமைப்பிடம் உண்மையான நம்பிக்கையும் பற்றும் கொண்டிருப்பேன், இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்பதோடு முடிந்துவிடும். மக்களிடம் உண்மை பேசுவேன் என்று அதில் ஒரு சொல் கிடையாது. நிறையப் பேருக்கு நான் அச்செடுத்துக் கொடுத்திருக்கிறேன், ஒருத்தரும் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

சட்டம் பிடிக்கிற இடம் மூன்றுதான். தன்னைப் பற்றிக் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுக்கிற பொய். எதிராளியின் சொந்த நடத்தையைப் பற்றிப் பரப்புகிற பொய். யார் அச்சடித்தது என்று போடாமல் விடுகிற நோட்டீஸ். மேடையில் பேசுகிற மற்றதெல்லாம் அவரவர் நாக்கு, அவரவர் மனசாட்சி.

தன்னைப் பத்தி எழுதிக் குடுக்கறதுன்னா என்னதாங்க எழுதணும்?

சட்டமன்றம், நாடாளுமன்றம் இரண்டுக்கும் படிவம் 26. நிலுவையில் உள்ள குற்ற வழக்குகள், பெற்ற தண்டனை, தனக்கும் மனைவிக்கும் (அல்லது கணவருக்கும்) சார்ந்திருப்போருக்கும் உள்ள அசையும் அசையாச் சொத்து, கடன், அரசுக்கு வைத்திருக்கும் பாக்கி, ஐந்து வருட வருமானவரிக் கணக்கு, வருமானம் வரும் வழி, படிப்பு எல்லாம் அதில் வரும். நோட்டரி அல்லது முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் போன்றவர் முன்னால் சத்தியம் செய்து கையெழுத்துப் போட வேண்டும். பஞ்சாயத்து, நகராட்சிக்கு மாநிலத் தேர்தல் ஆணையத்தின் படிவம் தனி.

இது சும்மா வந்துவிடவில்லை. வேட்பாளரின் வழக்கும் சொத்தும் தெரிந்துகொள்வது வாக்காளரின் உரிமை என்று 2002இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உடனே நாடாளுமன்றம் ஒரு பிரிவைக் கொண்டுவந்து, சட்டத்தில் கேட்டதற்கு மேல் எதையும் சொல்லத் தேவையில்லை என்றது. அந்தப் பிரிவை 2003இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று ரத்து செய்தது. 2013இல் இன்னொரு தீர்ப்பு, படிவத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது என்றது. அதனால்தான் நான் ஒவ்வொரு கட்டத்திலும் ‘இல்லை’, ‘பொருந்தாது’ என்று அடிக்கிறேன். பக்கத்தை எச்சாக்கிக் காசு பிடுங்க அல்ல.

ஒரு சுயேச்சை, விசைத்தறி ஓட்டுகிறவர், மனைவி பேரில் பதினைந்து பவுன் என்றார். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்த அந்த அம்மா, “பேங்க்ல அடகுல கெடக்குதுங்க, அதைய எங்கூதுன்னு எப்படிங்க எழுதறது?” என்று கேட்டுவிட்டார். நகையைச் சொத்தில் ஒரு வரி, நகைக்கடனைக் கடனில் ஒரு வரி என்று அடித்துக் கொடுத்தேன். அந்தத் தேர்தலில் நான் அடித்ததிலேயே சுத்தமான பத்திரம் அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அதுல எழுதறதெல்லாம் நெசமான்னு ஆபீசர் பாக்க மாட்டாருங்களா?

பார்க்க மாட்டார். மனு பரிசீலனையின்போது படிவம் முழுசாக இருக்கிறதா, கையெழுத்து இருக்கிறதா, வயது, வாக்காளர் பட்டியல் எண் சரியா என்பதைத்தான் தேர்தல் நடத்தும் அலுவலர் பார்ப்பார். ரெண்டு ஏக்கர் தோட்டத்தை ஒரு ஏக்கர் என்று எழுதினால் காடு அளக்க ஆள் அனுப்ப மாட்டார்.

பொய் என்று தெரிந்தவர் எதிர்ப் பிரமாணப் பத்திரம் கொடுக்கலாம். அதையும் மக்கள் பார்வைக்கு வைப்பார்கள். அவ்வளவுதான். தீர்ப்புச் சொல்லும் வேலை கோர்ட்டுக்கு.

சரி, பொய்னு நிரூபிச்சாச்சு. உள்ள போடுவாங்களா?

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951இல் பிரிவு 125அ இருக்கிறது. தெரிந்தே தவறான தகவல் கொடுத்தாலோ மறைத்தாலோ ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கேட்கக் கடுமையாக இருக்கும். ஆனால் இந்தக் குற்றத்துக்காகப் பதவி தானாகப் போய்விடாது. பொதுவாக இரண்டு வருடத்துக்குக் குறையாத தண்டனை வந்தால்தான் தகுதியிழப்பு, இங்கே உச்சமே ஆறு மாதம். இதை மாற்றி, குறைந்தது இரண்டு வருடம் தண்டனையும் தகுதியிழப்பும் வேண்டும் என்று 2014இல் சட்ட ஆணையம் தனது 244ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அறிக்கை அறிக்கையாகவே கிடக்கிறது.

அப்படி மறைச்சுப் பதவி போனவங்க நம்ம பக்கத்துல யாராச்சும் இருக்கறாங்களா?

இருக்கிறது. இந்தியா முழுக்க வக்கீல்கள் மேற்கோள் காட்டுகிற தீர்ப்பே நம்ம மேட்டுப்பாளையம் தாலுகாவிலிருந்து போனதுதான். 2006 உள்ளாட்சித் தேர்தலில் தேக்கம்பட்டி பஞ்சாயத்துத் தலைவராக ஒருவர் ஜெயித்தார். மனுவில் தன் மீதான வழக்குகளை அவர் முழுசாகச் சொல்லவில்லை, ஒன்றை மட்டும் காட்டிவிட்டு மற்றதை விட்டுவிட்டார் என்று தோற்றவர் தரப்பு வழக்குப் போட்டது. கூடுதல் குறைவாகச் சொன்னது அவ்வளவு பெரிய தப்பா என்பதுதான் சண்டை.

2015 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வழக்கை மறைத்தால் வாக்காளர் தெரிந்து முடிவெடுக்க முடியாது. அவருடைய சுதந்திரமான தேர்வில் கைவைத்தது போல ஆகிறது. ஆகவே இது தேர்தல் சட்டம் சொல்லும் ‘தகாத செல்வாக்கு’, தேர்தல் செல்லாது. மிரட்டுவதும் சாமி சாபம் விடுவேன் என்பதும் மட்டுமே தகாத செல்வாக்கு என்று எல்லாரும் நினைத்திருந்தபோது, வாயை மூடிக்கொண்டு இருப்பதும் அதில் சேரும் என்றது. எனக்கு இந்த வாதம் ரொம்பப் பிடிக்கும்.

பிடிக்காதது வருடக் கணக்கு. தேர்தல் 2006. பதவிக்காலம் ஐந்து வருடம். கடைசித் தீர்ப்பு 2015. தீர்ப்பு வரும்போது அந்த நாற்காலியில் அதற்கு அடுத்த தேர்தலில் ஜெயித்தவர் உட்கார்ந்திருக்கிறார். எம்.எல்.ஏ., எம்.பி. தேர்தல் வழக்குகளை ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ‘முயல வேண்டும்’ என்றுதான் எழுதியிருக்கிறது.

ஒரு பழைய வண்டியை எழுத மறந்துட்டாக்கூடவா பதவி போயிரும்? அப்படின்னா எவனும் நிக்க முடியாதுங்களே!

போகாது. அருணாசலப் பிரதேசத்தில் தேசு தொகுதியில் 2019இல் ஜெயித்தவர் மூன்று வண்டிகளைக் காட்டவில்லை என்று வழக்கு. ஒரு ஸ்கூட்டர், ஒரு மாருதி ஆம்னி, ஒரு டிவிஎஸ் பைக். முன்பே விற்றதும் கொடுத்ததுமான வண்டிகள், பேர் மட்டும் மாறாமல் இருந்திருக்கிறது. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. வேட்பாளரின் நிலையையோ வாழ்க்கை முறையையோ காட்டுகிற அளவு பெரிய சொத்தாக இருந்தால் ஒழிய ஒவ்வொரு துணிமணி, பாத்திரத்தையும் எழுதத் தேவையில்லை என்றது. ஆனால் வழக்கை மறைப்பதற்கு இந்தச் சலுகை பொருந்தாது. தேக்கம்பட்டித் தீர்ப்பையும் இதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

எங்க மாமா வார்டுக்கு நின்னாருங்க. ஓட்டுக்கு ரெண்டு நாளைக்கு முந்தி, அவரு ஒரு பொம்பளையக் கைவிட்டுட்டாருன்னு மொட்டை நோட்டீஸ் போட்டுட்டாங்க. சுத்தப் பொய்யிங்க. என்ன பண்றது?

முதலில் நோட்டீசின் அடியைப் பாருங்கள். சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தலில் அச்சடித்தவர், வெளியிட்டவர் பேரும் முகவரியும் இல்லாமல் நோட்டீஸ் போட்டால் அதே 1951 சட்டத்தின் பிரிவு 127அ படி ஆறு மாதம் வரை சிறையோ, 2,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ. உள்ளாட்சிக்குத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், நகர்ப்புறச் சட்டம் என்று தனி விதிகள் இருப்பதால் வார்டு விஷயத்தை வக்கீலிடம் காட்டிக் கேளுங்கள்.

பெரிய தேர்தல்களுக்குப் பிரிவு 123(4) இருக்கிறது. வேட்பாளரின் சொந்தக் குணம், நடத்தை பற்றி, பொய் என்று தெரிந்தோ, உண்மை என்று தானே நம்பாமலோ, அவர் வெற்றியைக் கெடுக்கும் விதமாக வெளியிட்டால் அது முறைகேடான செயல். வெளியிட்டது ஜெயித்தவரோ அவர் ஏஜெண்டோ, அல்லது அவர்கள் சம்மதத்தோடு வேறு யாரோ என்று காட்ட வேண்டும். முடிவு அறிவித்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போட வேண்டும். நிரூபித்தால் வெற்றி ரத்து, ஆறு வருடம் வரை போட்டியிடவும் முடியாது. இது தவிர, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 175ஆவது பிரிவும் உண்டு, அதற்கு அபராதம் மட்டும்தான்.

சிக்கல் எங்கே என்றால், மொட்டை நோட்டீஸ் போடுகிறவன் மொட்டையாகப் போடுவதே இந்தச் சம்மதத்தை நிரூபிக்க முடியாமல் செய்யத்தான். ராத்திரி இரண்டு மணிக்குக் கேட்டுக்கு அடியில் செருகிவிட்டுப் போனவன் யார் ஆள் என்று எப்படிக் காட்டுவீர்கள்? உங்கள் மாமா மாதிரி ஆட்கள் மறுநாள் காலையில் வீடு வீடாகப் போய்ச் சொல்வதைத் தவிர வேறு வழி இல்லாமல் நிற்பது இதனால்தான்.

“அவன் ஊரையே வித்துட்டான்”னு மேடையில பேசறாங்களே, அது அதுல வராதுங்களா?

பெரும்பாலும் வராது. 123(4) பிடிப்பது சொந்த நடத்தை பற்றிய, சரியா தப்பா என்று பார்க்கக்கூடிய விவரத்தை. பதவியில் என்ன செய்தார் என்ற விமர்சனம், வசவு, கிண்டல் எல்லாம் அரசியல் பேச்சு. நிரூபிக்காத குற்றச்சாட்டைத் தவிர்க்க வேண்டும் என்று தேர்தல் ஆணையத்தின் நடத்தை விதிகள் சொல்கின்றன. அந்த விதிகளுக்குத் தனியாகச் சட்ட பலம் இல்லை.

ஏங்கண்ணு, தண்ணி வுடறேன்னு சொல்லி அம்பது வருசமா ஓட்டு வாங்குனாங்க. அது பொய் இல்லீன்னா வேற எதுதான் பொய்யி?

இதைக் கேட்டவர் அன்னூர்ப் பக்கத்து அம்மா ஒருவர். பவானித் தண்ணீரைக் குளம் குட்டைகளுக்குக் கொண்டுவரும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தைத்தான் சொல்கிறார் என்று பெஞ்சில் இருந்த எல்லாருக்கும் தெரியும். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே தேர்தல் மேடைகளில் இருந்த வாக்குறுதி அது. 2016இல் அவிநாசியில் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2019 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி அடிக்கல் நாட்டினார். 2024 ஆகஸ்ட் 17 அன்று மு.க.ஸ்டாலின் தொடங்கிவைத்தார். சுமார் 1,916 கோடி ரூபாய், ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகள். இன்னொரு வேடிக்கை, தண்ணீர் அத்திக்கடவிலிருந்து வரவில்லை. பவானியில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே இருந்து, வருடத்துக்கு ஒன்றரை டிஎம்சி, மோட்டார் வைத்து ஏற்றுகிறார்கள்.

இப்போது சொல்லுங்கள், 1980இலோ 1990இலோ இதை வாக்குறுதியாகச் சொன்ன வேட்பாளர் பொய்யரா? சிலர் நிஜமாகவே முயன்றிருப்பார்கள். சிலர் மைக்கைப் பிடிக்கும்போதே நடக்காது என்று தெரிந்துதான் சொல்லியிருப்பார்கள். இரண்டு பேர் வாயிலிருந்தும் வந்தது ஒரே வாக்கியம். மனசுக்குள் என்ன இருந்தது என்று எந்தக் கோர்ட் பார்க்கும்? நடக்கப் போகிற ஒன்றைப் பற்றிய பேச்சுக்குச் சொல்கிற நேரத்தில் உண்மை பொய் கிடையாது, எண்ணம்தான் உண்டு.

கோர்ட்டும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னது. 2006இல் திமுக அறிவித்த கலர் டிவி, 2011இல் அதிமுக அறிவித்த மிக்சி, கிரைண்டர், மின்விசிறி பற்றிய தமிழ்நாட்டு வழக்கில் 2013 ஜூலையில் தீர்ப்பு வந்தது. இலவச அறிவிப்பு நேர்மையான தேர்தலின் வேரையே அசைக்கிறது என்பதை ஒப்புக்கொண்டது. ஆனால் தேர்தல் அறிக்கை வாக்குறுதி 123ஆவது பிரிவின்படி முறைகேடு ஆகாது என்றது. தேர்தல் அறிக்கைக்கு வழிகாட்டி நெறிமுறை போடும்படி ஆணையத்துக்குச் சொன்னது. வாக்குறுதிக்குக் காரணமும், பணம் வரும் வழியும் தோராயமாகவாவது சொல்ல வேண்டும் என்று 2014இல் நெறிமுறை வந்தது. அதுவும் மேலே சொன்ன நடத்தை விதிகளில் ஒரு பகுதிதான், ஆகவே பலமும் அதே அளவுதான்.

அப்ப ஏமாந்தவங்க சும்மா வாயப் பாத்துட்டு உக்காரணுங்களா?

நம்ம ஆட்கள் சும்மா உட்காரவில்லை. 1996 சட்டமன்றத் தேர்தலில் ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். பெரும்பாலும் விவசாயிகள். தங்கள் கோரிக்கையை எவரும் காதில் வாங்கவில்லை என்ற கோபத்தில் கூட்டம் கூட்டமாக மனு போட்டார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாகத் தைத்துக் கொடுக்க வேண்டிவந்தது, தேர்தல் தள்ளிப்போனது. அதில் 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. அதாவது தன் ஓட்டைக்கூடத் தனக்குப் போட்டுக்கொள்ளவில்லை. ஜெயிக்க நின்றவர்கள் அல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அதற்குப் பதிலாகக் கிடைத்தது டெபாசிட் உயர்வு. சட்டமன்றத்துக்கு 250 ரூபாயாக இருந்தது அதே வருடம் 5,000 ஆனது. இப்போது 10,000.

வெளிநாட்டுல இதுக்கு ஏதாச்சும் வழி கண்டுபிடிச்சிருக்கறாங்களா?

ஆஸ்திரேலியாவில் தெற்கு ஆஸ்திரேலியா மாநிலம் 1985ஆம் வருடச் சட்டத்திலேயே வைத்திருக்கிறது. தேர்தல் விளம்பரத்தில் விவரம் என்று சொல்லப்படுவது பெரிய அளவில் தவறாக வழிநடத்தினால், திரும்பப் பெறு, மறுப்பு வெளியிடு என்று தேர்தல் ஆணையர் கேட்கலாம். கருத்தும் வாக்குறுதியும் அதில் வராது. வேல்ஸ் அரசு, வேண்டுமென்றே மக்களை ஏமாற்றும் அரசியல்வாதியைத் தகுதியிழக்கச் செய்யச் சட்டம் கொண்டுவருவதாக 2024இல் உறுதியளித்தது. அமெரிக்காவில் நேர் எதிர். ஒஹாயோ மாநிலத்தில் தேர்தல் பொய்யைக் குற்றமாக்கிய சட்டம் பேச்சுரிமைக்கு விரோதம் என்று 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளியது.

எனக்கு உறைத்தது இங்கிலாந்துக் கதை. 2010 மே மாதம் ஓல்டாம் பக்கம் ஒரு தொகுதியில் ஃபில் வூலஸ் 103 ஓட்டில் ஜெயித்தார். எதிராளியைப் பற்றி நோட்டீசில் பொய் போட்டார் என்று, நம்ம 123(4) மாதிரியான சட்டத்தின்கீழ், அதே நவம்பரில் தேர்தலை ரத்து செய்தார்கள். ஜனவரியில் இடைத்தேர்தல் முடிந்தது. சட்டம் ஏறக்குறைய ஒன்றுதான். அங்கே ஆறு மாதம். தேக்கம்பட்டிக்கு எட்டு வருடத்துக்கு மேல் ஆனது.

சுத்தி வளைக்காதீங்கண்ணா. சட்டம் வேணுமா வேண்டாமா, நீங்க என்ன சொல்றீங்க?

புஞ்சைப் புளியம்பட்டிச் சந்தையில் மாடு பிடிக்கிறவர் போலத்தான் இதை யோசிக்கிறேன். தரகர் சொல்வார்: ஆறு பல்லு, ரெண்டாம் ஈத்து, வேளைக்கு எட்டு லிட்டர் கறக்கும், உங்க வாசலுக்கு வந்த நேரம் லட்சுமி வந்த மாதிரி. பல்லை வாயைத் திறந்து எண்ணிவிடலாம். அதில் பொய் சொன்ன தரகர் அடுத்த வாரம் சந்தைக்குள் தலைகாட்ட முடியாது. எட்டு லிட்டர் தீவனத்தையும் கைராசியையும் பொறுத்தது, அதனால்தான் கறந்து பார்த்து வாங்குகிறோம். லட்சுமியை யாரும் கேள்வி கேட்பதில்லை.

எண்ணிப் பார்க்கக்கூடிய விஷயத்துக்கு மட்டும் கட்டாயம் வேண்டும், அதற்கு வலிக்கிற தண்டனை வேண்டும் என்பது என் கட்சி. வழக்கு, சொத்து, கடன், படிப்பு. 125அ-வுக்குத் தகுதியிழப்பு சேர்க்க வேண்டும். ஆறு மாதத்தில் முடிக்க ‘முயல வேண்டும்’ என்பதை ‘முடிக்க வேண்டும்’ என்று மாற்ற வேண்டும். மேடைப் பேச்சு முழுவதற்கும் உண்மைச் சட்டம் கொண்டுவந்தால், எது உண்மை என்று முடிவு செய்கிற நாற்காலியில் யார் உட்காருவார் என்பது அடுத்த கேள்வி. அந்த ஆளை நியமிப்பது ஆளுங்கட்சி என்றால், எனக்கு அந்தச் சட்டமே வேண்டாம்.

ஓட்டுக்குக் காசு வாங்கறவனுக்கு உண்மை கேக்க யோக்கியதை ஏதுங்க?

இதைக் கேட்காத பெஞ்ச் கிடையாது. காசு வாங்குவதும் லஞ்சக் குற்றம்தான், கொடுப்பவரைப் போலவே ஒரு வருடம் வரை சிறை உண்டு. ஆனால் தெரிந்துகொள்ளும் உரிமை நல்லவர்களுக்குப் பரிசாகக் கொடுத்தது அல்ல. 2002 தீர்ப்பில் அதைப் பேச்சுரிமையின் பகுதியாகத்தான் வைத்தார்கள். கவர் வாங்கியவரும் வாங்காதவரும் அதே ஆளால்தான் ஆளப்படப் போகிறார்கள்.

செலவுக் கணக்கு காட்டறாங்களே, அது எந்தக் கணக்குல சேருமுங்க?

சட்டமன்றத்துக்கு உச்சவரம்பு 40 லட்சம், நாடாளுமன்றத்துக்கு 95 லட்சம். முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் மூன்று வருடத் தகுதியிழப்பு வரலாம். கொடுத்த கணக்கு நிஜமா என்று கேட்டால், பந்தல்காரர், மைக்செட்காரர், பிரியாணி மாஸ்டர் மூன்று பேரையும் உட்கார வைத்துக் கூட்டிப் பாருங்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

வாட்ஸ்அப்ல தலைவர் பேசற மாதிரியே குரல் வருது. அதையும் கம்ப்யூட்டர்ல செய்யறாங்களாமே?

செய்கிறார்கள். இப்படிப்பட்ட போலி கவனத்துக்கு வந்த மூன்று மணி நேரத்துக்குள் தங்கள் பக்கங்களிலிருந்து நீக்க வேண்டும் என்று 2024 மே மாதம் கட்சிகளுக்குத் தேர்தல் ஆணையம் உத்தரவிட்டது. கட்சியின் பக்கத்துக்கு அது சரி. ஒறம்பரை குரூப்பில் சித்தப்பா போட்டதை யார் நீக்குவது? இதுவும் மொட்டை நோட்டீஸ்தான், கேட்டுக்கு அடியில் வருவதற்குப் பதிலாகச் சட்டைப்பைக்குள் வருகிறது.

எங்க வேட்பாளரு எழுதிக் குடுத்ததை நாங்க எங்கீங்க பாக்கறது?

தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் பிரமாணப் பத்திரப் பகுதி இருக்கிறது. மாநிலம், தொகுதி தேர்ந்தெடுத்தால் ஒவ்வொருவர் போட்டோவோடும் பத்திரம் வரும். உங்கள் வேட்பாளரை அறியுங்கள் என்ற செயலியும் உண்டு, குற்ற வழக்கு இருக்கிறதா என்று அதில் உடனே தெரியும். வழக்கு உள்ளவர் மூன்று தடவை பத்திரிகையிலும் டிவியிலும் விளம்பரம் கொடுக்க வேண்டும் என்பது 2018 தீர்ப்பு.

பார்க்கும்போது மூன்று இடத்தை மட்டும் முதலில் பாருங்கள். நிலுவை வழக்குகள், அரசுக்குப் பாக்கி, போன தேர்தலில் நின்றிருந்தால் அப்போது காட்டிய சொத்துக்கும் இப்போதைக்கும் உள்ள வித்தியாசம். பழைய பத்திரமும் அதே இடத்தில் கிடைக்கும். போனில் எழுத்து பொடியாகத் தெரியும், ஸ்கேன் சாய்வாக இருக்கும். கடைக்கு வந்தால் அச்செடுத்துத் தருகிறேன், பக்கம் ரெண்டு ரூபாய். இதுவரை டைப் அடிக்க வந்த வேட்பாளர்கள் நிறையப் பேர். படிக்கவென்று அச்செடுத்துப் போன வாக்காளர்கள் நாலு பேர், அதில் ரெண்டு பேர் எதிர்க்கட்சி பூத் ஏஜெண்டுகள்.